டிசம்பர் 4, கடற்படை நாள்: கேளுங்கள், சொல்கிறேன்

1987-இல் சில்கா பயிற்சித் தளத்தில் மொட்டைத் தலையோடு ஆரம்பித்து, 15 வருடம் இந்தியக் கடற்படையில் இருந்தேன். என்ஜின் ரூம் ஆள். ஆபீசர் இல்லை, 'பெட்டி ஆபீசர்', அதாவது மாலுமிகளில் கொஞ்சம் மேல்படியில் இருப்பவனாக வெளியே வந்தவன். ஒவ்வொரு டிசம்பரிலும் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று பலர் கடற்படை நாளைப் பற்றிக் கேட்கிறார்கள். இந்த முறை வந்தவற்றுக்கு மொத்தமாக இங்கே பதில்.

ஐயா, டிசம்பர் 4 நம் கடற்படை தொடங்கப்பட்ட நாள்தானே? (பள்ளி ஆசிரியை, மதுரை)

இல்லைங்க அம்மா. பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிறந்தநாள் என்று பார்த்தால் நமக்கு மூன்று நான்கு தேதிகள் உண்டு. 1612 செப்டம்பர் 5-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் போர்க்கப்பல்கள் சூரத் பக்கம் வந்து நின்றதை ஒரு தொடக்கம் என்பார்கள். 1934-இல் 'ராயல் இந்தியன் நேவி' ஆனது. 1950 ஜனவரி 26-இல் குடியரசானதும் 'ராயல்' உதிர்ந்தது. இவற்றில் எதையும் நாம் கொண்டாடுவதில்லை. கொண்டாடுவது 1971 போரில் கராச்சியைத் தாக்கிய ஓர் இரவை.

அதற்கு முன்னாலும் கடற்படை நாள் இருந்தது, தேதிதான் வேறு. முதலாவது 1944 அக்டோபர் 21. அது பிரிட்டிஷ்காரர்களுக்கு டிரஃபால்கர் கடற்போர் வெற்றி நாள், அவர்கள் வசதிக்கு வைத்த தேதி. அடுத்த வருடம் டிசம்பர் 1 என்று மாற்றினார்கள். அன்று பம்பாயில் 'தல்வார்' என்ற தொலைத்தொடர்புப் பயிற்சித் தளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதாக ஏற்பாடு. விடிந்து பார்த்தால் சுவரெல்லாம் 'வெள்ளையனே வெளியேறு' கோஷம்! எழுதியவர்கள் உள்ளேயிருந்த நம் மாலுமிகள்தான். இரண்டரை மாதம் கழித்து, 1946 பிப்ரவரி 18-இல், அதே தல்வாரில்தான் கடற்படை எழுச்சி வெடித்தது. என்னைக் கேட்டால் அந்த டிசம்பர் 1-தான் முதல் நிஜமான கடற்படை நாள். யார் என்னைக் கேட்கிறார்கள்!

சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் டிசம்பர் 15. 1972 மே மாதம் மூத்த அதிகாரிகள் கூடி டிசம்பர் 4 என்று முடிவு செய்தார்கள். இன்றுவரை அதுதான்.

அந்த இரவு என்னதான் நடந்தது? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் அண்ணா. (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

சரி தம்பி, இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1971 தொடக்கத்தில் சோவியத்திலிருந்து 8 ஏவுகணைப் படகுகள் வந்தன. 'ஓசா' வகை. ஒவ்வொன்றின் முதுகிலும் 4 'ஸ்டிக்ஸ்' ஏவுகணைகள். ஓட்டம் படு வேகம், ஆனால் வயிறு சின்னது. எண்ணெய் அதிகம் பிடிக்காது, அதனால் தூரம் போக முடியாது. துறைமுகத்துக்குக் காவல் நிற்கத்தான் அவை வாங்கப்பட்டன. நம் ஆட்கள் விளாடிவோஸ்டாக் போய், குளிரில் நடுங்கிக்கொண்டு, ரஷ்ய மொழி படித்து, அவற்றை ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தார்கள்.

சரக்குக் கப்பலில் வந்த படகுகளைத் தூக்கி இறக்க வேண்டுமே, அவ்வளவு பெரிய கிரேன் அப்போது பம்பாயில் இல்லை. கல்கத்தாவில் இறக்கினார்கள். அங்கிருந்து பம்பாய்க்கு வேறு கப்பல்களில் கயிறு கட்டி, இந்தியாவையே சுற்றி இழுத்து வந்தார்கள். என் கணக்கில் முழுக் கதையும் இந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. 'இத்தனை தூரம் இழுத்து வர முடிந்தால், கராச்சி வாசல் வரைக்கும் ஏன் இழுத்துப் போகக் கூடாது?' என்று யாருக்கோ தோன்றியதே, அங்கே காவல் படகு தாக்குதல் படகாகிவிட்டது.

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களைத் தாக்கின. போர் தொடங்கிவிட்டது. மறுநாள் நிபட், நிர்காட், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள், துணைக்குக் கில்டான், கட்சால் என்ற இரண்டு போர்க்கப்பல்கள், எண்ணெய் கொடுக்க போஷக். பகல் முழுக்கக் கராச்சிக்குத் தெற்கே, அவர்கள் விமானக் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நின்றார்கள். பாகிஸ்தான் விமானப்படைக்கு அப்போது இரவில் கடலில் தேடித் தாக்குகிற வசதி கிடையாது. அதனால் இருட்டட்டும் என்று காத்திருந்தார்கள்.

இரவு பத்தே முக்கால் வாக்கில் நிர்காட்டின் முதல் ஏவுகணை 'கைபர்' என்ற நாசகாரிக் கப்பல் மேல் விழுந்தது. தன்னை அடித்தது விமானம் என்றே கைபர் கடைசிவரை நினைத்தது. கரைக்கு அனுப்பிய செய்தியிலும் அப்படித்தான் சொன்னது. இன்னொரு ஏவுகணையில் அது மூழ்கியது. 'முஹாஃபிஸ்' என்ற, கடல் கண்ணிவெடிகளை அகற்றும் கப்பலும், வெடிமருந்து ஏற்றி வந்த 'வீனஸ் சேலஞ்சர்' என்ற சரக்குக் கப்பலும் போயின. நம் பக்கம் ஓர் உயிர்கூடச் சேதமில்லை. ஆபரேஷன் டிரைடன்ட் இதுதான். நான்கு நாள் கழித்து ஆபரேஷன் பைத்தான். அதில் 'வினாஷ்' படகு சுட்டுக் கராச்சியின் கேமாரி எண்ணெய்க் கிடங்கு எரிந்தது.

நடுவில் ஒரு கூத்து. பயத்தில் இருந்த பாகிஸ்தான் விமானப்படை, டிசம்பர் 6 அன்று தங்கள் 'சுல்ஃபிகர்' கப்பலையே ஏவுகணைப் படகு என்று நினைத்துச் சுட்டுத் தள்ளியது.

விசாகப்பட்டினத்தில் நீர்மூழ்கி மூழ்கியதும் அதே இரவா?

முதல் நாள் இரவு, 3-ஆம் தேதி நள்ளிரவையொட்டி. 'காஸி' என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி வந்தது. விக்ராந்த் அங்கே இல்லவே இல்லை, அந்தமான் பக்கம் இருந்தது. துறைமுக வாசலில் காஸி வெடித்து மூழ்கியது, யாரும் பிழைக்கவில்லை. ஐ.என்.எஸ். (இந்தியக் கடற்படைக் கப்பல்) ராஜ்புத் போட்ட குண்டுகளால் என்று நாம் சொல்கிறோம். உள்ளே வெடித்தது அல்லது தான் விதைத்த கண்ணிவெடியிலேயே சிக்கியது என்று அவர்கள் சொல்கிறார்கள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

ஒரு கப்பல் மூழ்கியதைக் கொண்டாடுவது சரியா? அந்தப் பக்கமும் மாலுமிகள்தானே செத்தார்கள்? (வாசகி, நாகர்கோவில்)

நல்ல கேள்வி. நானும் இரவு வாட்ச் டியூட்டியில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். கப்பல் மூழ்கும்போது முதலில் மாட்டுவது என்ஜின் ரூம் ஆட்கள்தான். நம் நாட்டு என்ஜின் ரூம் என்றாலும் அவர்கள் நாட்டு என்ஜின் ரூம் என்றாலும் ஏணி ஒன்றே ஒன்றுதான் பக்கத்தில் இருக்கும்.

அவர்களும் இப்படித்தான் கொண்டாடுகிறார்கள். பாகிஸ்தானின் கடற்படை நாள் செப்டம்பர் 8. 1965-இல் அவர்கள் துவாரகையைச் சுட்ட இரவின் நினைவு. போதாததற்கு டிசம்பர் 9-ஐ 'ஹாங்கோர் நாள்' என்று வைத்திருக்கிறார்கள். அது நமக்குத் துக்க நாள். 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால், ஹாங்கோர் நீர்மூழ்கி நம் 'குக்ரி' போர்க்கப்பலை டார்பிடோவால் அடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து அதனோடே போனார். டையூவில் கடலைப் பார்த்த ஒரு மேட்டில் குக்ரியின் மாதிரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அங்கே போனால் சுற்றுலாக் கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும், எடுக்கட்டும். அதற்கப்புறம் ஒரு நிமிடம் கடல் பக்கம் திரும்பி நின்றால் போதும்.

டிசம்பர் 4 காலையில் முதல் வேலை மலர்வளையம்தான். பாட்டு, பட்டாசு எல்லாம் சாயங்காலத்துக்கு மேல்.

கப்பலுக்குள் அன்றைக்கு எப்படி இருக்கும் சார்? (வங்கி ஊழியர், சென்னை)

வெளியே பார்ப்பவர்களுக்குத் திருவிழா. உள்ளே இருப்பவர்களுக்குக் கல்யாண வீட்டுச் சமையல்காரன் நிலைமை.

ஒரு வாரம் முன்பே சுரண்டலும் பெயின்டும். சாம்பல் நிறம் நகத்துக்குள் போய்ப் பொங்கல் வரை வராது. அன்று காலை 8 மணிக்குக் கொடியேற்றம். கூடவே முன்முனையிலிருந்து பாய்மரக் கம்பத்து உச்சி வழியாகப் பின்முனை வரை சமிக்ஞைக் கொடிகளை வரிசையாகக் கட்டுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க முயலாதீர்கள், ஒன்றும் வராது. எந்தச் சொல்லும் அமையாமல், நிறங்கள் மாறி மாறி வருகிற மாதிரி வரிசை வைத்திருக்கிறார்கள்.

சூரியன் இறங்கியதும் கொடிகள் இறங்கும், கப்பலின் உருவம் முழுக்க பல்பு எரியும். மும்பை கேட்வேயில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், இருட்டில் கப்பலே தெரியாது, ஒளிக்கோடு மட்டும் மிதக்கும். ஒரே ஒரு பல்பு போய்விட்டாலும் கரையிலிருந்து பார்க்கப் பல் போன வாய் மாதிரி இருக்கும். எங்கள் எலக்ட்ரிகல் பையன் ஒருவன், ஸ்விட்ச் போடக் கால் மணி நேரம் இருக்கும்போது, இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கம்பத்தில் ஏறினான். வாயில் ஒரு பல்பு, பாக்கெட்டில் இரண்டு. மாற்றிவிட்டு இறங்கியவன் கேட்ட முதல் கேள்வி, "பிரியாணி தீர்ந்துடுச்சா?"

நான் எங்கே இருந்தேன் என்கிறீர்களா? கீழே, ஜெனரேட்டர் பக்கத்தில், காதில் பஞ்சோடு. அத்தனை விளக்குக்கும் கரண்ட் அங்கிருந்துதானே போக வேண்டும். 15 வருடத்தில் அந்த அலங்காரத்தைக் கரையில் நின்று முழுசாகப் பார்த்தது இரண்டே முறை.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. டிரைடன்டில் போன கில்டானின் தலைவர் காசர்கோடு பட்டணஷெட்டி கோபால் ராவ். மகாவீர் சக்கரம் வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு சென்னையில் வாழ்ந்து, 2021 ஆகஸ்டில் இங்கேயே காலமானார். நம் தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டு போகிற பெரியவர் கராச்சிக்குப் போய்வந்தவராக இருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

'சம் நோ வருண:' என்பது கடற்படையின் குறிக்கோள் வாசகம், வருணன் நமக்கு நன்மை செய்யட்டும் என்று அர்த்தம். அதைச் சொல்லிக்கொடுத்தது ராஜாஜி, கவர்னர் ஜெனரலாக இருந்தபோது.

அப்புறம் தளங்களின் பெயர்கள்: அரக்கோணத்தில் ராஜாளி, உச்சிப்புளியில் பருந்து, நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் கட்டபொம்மன், சென்னையில் அடையாறு. தரையில் நிற்கிற கட்டிடத்துக்கு எதற்கு 'ஐ.என்.எஸ்.' என்று கேட்பீர்கள். தளமும் கப்பல் கணக்குத்தான். அங்கிருந்து கடைக்குப் போனாலும் 'கரைக்குப் போகிறேன்' என்றுதான் சொல்வோம்.

கொடியை மாற்றிவிட்டார்களாமே?

2022 செப்டம்பர் 2, கொச்சி. புது விக்ராந்தைப் படையில் சேர்த்த அன்றைக்கு, பிரிட்டிஷ் காலத்துச் சிவப்புச் சிலுவையை எடுத்துவிட்டு, நீல எண்கோணத்துக்குள் நங்கூரம் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் 2001-லேயே ஒருமுறை சிலுவையை எடுத்தாயிற்று. வெள்ளையில் நீலச் சின்னம் மட்டும் போட்டால், கடலிலும் வானத்திலும் கலந்து தெரியவே இல்லை என்று 2004-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். நான் வெளியே வந்தது நடுவில், 2002-இல். அதனால் என் பிரிவுபசாரப் போட்டோவில் சிலுவை இல்லை. பேரன் அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, போட்டோ போலியா?" என்கிறான்.

கோஸ்ட் கார்டும் நேவியும் ஒன்றா?

இல்லை. கோஸ்ட் கார்டு நாள் பிப்ரவரி 1. வெள்ளைக் கப்பலில் சாய்வான பட்டை இருந்தால் அவர்கள், சாம்பல் நிறமாக இருந்தால் நாங்கள்.

இலங்கையில் எப்போது? (வாசகர், வவுனியா)

டிசம்பர் 9. உங்களுடையது நிஜமாகவே பிறந்தநாள், 1950-இல் அன்றுதான் ராயல் சிலோன் கடற்படை தொடங்கியது.

பெரிய நிகழ்ச்சியை எங்கே பார்க்கலாம்? பையனைக் கப்பலுக்குள் கூட்டிப்போக முடியுமா?

கமாண்டோக்கள் கரையேறுவது, ஹெலிகாப்டரில் தொங்குவது எல்லாம் சேர்ந்த பெரிய காட்சி இப்போது ஊர் ஊராகப் போகிறது. 2022-இல் விசாகப்பட்டினம், 2023-இல் சிந்துதுர்க், 2024-இல் புரி, 2025-இல் திருவனந்தபுரம் சங்குமுகம். விசாகப்பட்டினம் போனால் கடற்கரையில் 'குர்சுரா' நீர்மூழ்கி அருங்காட்சியகமாக நிற்கிறது. 1971-இல் பணியில் இருந்த கப்பல், வருடம் முழுக்கப் பார்க்கலாம்.

உள்ளே விடுகிற நாளை அந்த வாரம் செய்தித்தாளில் போடுவார்கள். அடையாள அட்டை கட்டாயம். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள், ஏணி செங்குத்தாக இருக்கும். சேலையில் வருகிறவர்கள் யோசித்து வாருங்கள். காலையிலேயே போய்விடுங்கள். ஒரு துறைமுகத்தில் வெயிலில் மூன்று மணி நேரம் நின்ற குடும்பங்களை, நேரமாகிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கே முகம் கொடுக்க முடியவில்லை.

இன்னொரு முறை ஒரு பாட்டி, எழுபது வயதிருக்கும், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஏணி இறங்கி என்ஜின் ரூம் வரை வந்துவிட்டார். பீரங்கி, ஏவுகணை எதையும் கேட்கவில்லை. சூட்டில் முந்தானையால் விசிறிக்கொண்டே, "இங்கயா ராசா எட்டு மணி நேரம் நிக்கிற?" என்றார். நான்கு மணி நேரம்தான் பாட்டி என்றேன். மடியிலிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக் கையில் திணித்துவிட்டு மேலே ஏறினார்.

பாராகானா என்கிறார்களே, அதில் நம் சாப்பாடு உண்டா அண்ணே? (அடுத்த மாதம் சில்கா போகிறவன்)

வாழ்த்துகள் தம்பி. பாராகானா என்றால் கப்பல் மொத்தமும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து. அன்று ஆபீசர்கள் கரண்டி பிடித்து நமக்குப் பரிமாறுவார்கள், கூச்சப்படாமல் இன்னொரு துண்டு கேள். சாம்பாரும் இருக்கும். கேலியில், அதாவது கப்பல் சமையற்கட்டில், நம் ஊர் ஆள் இருந்தால் அது சாம்பார். இல்லாவிட்டால் மஞ்சள் போட்ட பருப்புத் தண்ணீர். எதற்கும் ஊறுகாய் பாட்டிலை மூடி இறுக்கி எடுத்துப் போ. என்னுடையது ரயிலிலேயே கொட்டி, பெட்டியிலிருந்த வெள்ளைச் சட்டை அத்தனையும் ஆவக்காய் நிறமாகிவிட்டது.