கணக்கா, காமர்ஸா, கம்ப்யூட்டரா?

கேள்வி: அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, கணினி அறிவியல் குரூப் முடித்திருக்கிறேன். ஊருக்குப் பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், பி.காம். இரண்டில் ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது. தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. டேட்டா சயின்ஸ் சேர்த்துவிடலாம் என்கிறார் மாமா. எனக்கு எதிலும் தனி ஆர்வம் என்று இல்லை. வேலைக்கு உதவுகிற படிப்பு எது? – வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: 18 வயதில் ஆர்வம் இன்னதென்று தெரியாமல் இருப்பது குறையே இல்லை. அப்படிப்பட்டவர்கள் எந்தப் படிப்பு வேலை தரும் என்று பார்ப்பதைவிட, எந்தப் படிப்பு எந்தக் கதவை மூடும் என்று பார்ப்பது நல்லது.

குரூப் 2, வங்கித் தேர்வுகள், யு.பி.எஸ்.சி. போன்றவற்றில் பெரும்பாலான பணிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். எம்.பி.ஏ.வுக்கும் அப்படித்தான். எம்.சி.ஏ.வுக்கு பிளஸ் டூவில் கணிதம் இருந்தால் பி.காம். படித்தவரும் விண்ணப்பிக்கலாம், உங்களுக்கு இருக்கிறது. ஆகவே இந்த வழிகளை வைத்து மூன்றில் ஒன்றை உசத்தி என்று சொல்ல முடியாது.

வித்தியாசம் வேறு இடத்தில் வருகிறது. பி.எஸ்சி. கணிதம் முடித்தால் எம்.எஸ்சி. கணிதம், நேரடியாக பி.எட்., லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு என்று பல வழி திறந்திருக்கும். பி.காம். எடுத்தால் இவை மூடிக்கொள்ளும், இங்கே பி.எட். சேருவதற்கே காமர்ஸ்காரர்கள் எம்.காம். முடித்திருக்க வேண்டும். ஆனால் சி.ஏ. பக்கம் பி.காம்.தான் சுலபம்: 55 சதவீதம் இருந்தால் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரே அடுத்த கட்டமான இன்டர்மீடியட். மற்ற பட்டதாரிகளுக்கு இது 60 சதவீதம்.

டேட்டா சயின்ஸ் விஷயத்தில் பட்டத்தின் பெயரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அரசு வேலைக்கான அறிவிப்பில் ‘கணினி அறிவியல்’ என்று பாடத்தைக் குறிப்பிட்டிருந்தால், வேறு பெயருள்ள பட்டம் அதற்கு இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். வேலை கிடைக்கும் நேரத்தில் இணைத்தன்மைச் சான்றுக்காக அலைகிறவர்கள் ஏராளம். அந்தக் கல்லூரிக்கு ஒருநாள் போய் வாருங்கள். அலுவலகத்தில் காட்டும் பளபள கையேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, வாசல் டீக்கடையில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம், ‘உங்க டிபார்ட்மென்ட்ல போன வருஷம் எத்தனை பேருக்கு ஆஃபர் லெட்டர் வந்தது, சம்பளம் எவ்வளவு?’ என்று கேளுங்கள். எந்தெந்த கம்பெனி வந்தது என்பது இரண்டாம்பட்சம்.

டேட்டா சயின்ஸ்தான் வேண்டும் என்று தோன்றினால் சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் பி.எஸ். ஆன்லைன் பட்டப் படிப்பு இருக்கிறது. ஜே.இ.இ. தேவையில்லை, அவர்களே நான்கு வாரப் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைக்கிறார்கள். கல்லூரியில் இன்னொரு பட்டம் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். உழைப்பு அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால், தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் வரும். அதைக் காட்டி எந்தப் பக்கமும் யாரும் உங்களை இழுக்க வேண்டாம்.

அதிகக் கதவு திறந்திருப்பது கணிதத்தில்தான், என் ஓட்டும் அதற்கே. ஒரு நிபந்தனை உண்டு. கல்லூரிக் கணிதம் பிளஸ் டூவின் தொடர்ச்சி போலத் தோன்றும், அப்படி இல்லை. சூத்திரம் போட்டு விடை எடுப்பது குறைந்து, ‘நிறுவுக’ என்பதே பாதித் தாளில் இருக்கும். ரியல் அனாலிசிஸ், அல்ஜீப்ரா இரண்டின் பழைய வினாத்தாள்களையும், கூடவே பி.காம்.-இன் கார்ப்பரேட் அக்கவுண்டிங் தாளையும் சீனியர் யாரிடமாவது வாங்குங்கள். இப்போது ஒன்றும் புரியாது, பரவாயில்லை. பாடப்புத்தகத்தில் அதற்கான ஒரு பாடத்தை எடுத்து, ஒரு வாரம் தினமும் மாலையில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு நிரூபணத்தின் அடுத்த வரி ஏன் அப்படி வந்தது என்று யோசிக்கத் தோன்றினால் கணிதம். எரிச்சல்தான் வருகிறது, ஆனால் பேலன்ஸ் ஷீட் டாலி ஆகும்வரை எழுந்திருக்க மனம் வரவில்லை என்றால் பி.காம். அரியர் இல்லாத பி.காம்., அரியரோடு இழுக்கிற கணிதத்தைவிட எவ்வளவோ மேல்.

சேர்ந்த பிறகும் மனம் மாறினால், முதல் சில வாரங்களில் இடம் காலியாக இருந்தால் பாடம் மாற்றித் தருகிற கல்லூரிகள் உண்டு. கடைசித் தேதி எதுவென்று சேர்க்கை நாளன்றே அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.