ஆப்டோமெட்ரியில் ஆராய்ச்சிப் பட்டம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: என் சொந்த ஊர் மேலூர். பி.ஆப்டம் (கண் பரிசோதனைத் துறையான ஆப்டோமெட்ரியில் இளநிலைப் பட்டம்) முடித்து, மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் இரண்டரை ஆண்டுகளாக ஆப்டோமெட்ரிஸ்டாக வேலை பார்க்கிறேன். பார்வை அறிவியலில் முனைவர் பட்டம் பெற விரும்புகிறேன். அதற்கு எம்.ஆப்டம் (அதே துறையின் முதுநிலைப் பட்டம்) படித்தே ஆக வேண்டுமா? வெளிநாட்டில் படிக்க வைக்கும் அளவுக்கு வீட்டில் வசதி இல்லை. எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம்?

பதில்: எந்தப் பல்கலைக்கழகம் என்பது ஆராய்ச்சிப் பட்டத்தைப் பொறுத்தவரை மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. எதை ஆராயப் போகிறீர்கள் என்பது முதலாவது. அந்தப் பொருளில் இப்போது யார் ஆய்வு செய்துகொண்டிருக்கிறார் என்பது இரண்டாவது. இந்த இரண்டும் தெளிந்துவிட்டால், விண்ணப்பிக்க வேண்டிய இடங்கள் நான்கைந்துக்குள் அடங்கிவிடும்.

ஆய்வுப் பொருளைத் தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மதுரையில் நடந்த ஒரு முகாமில், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் 46 வயதுப் பெண் ஒருவரைப் பரிசோதித்தேன். வெள்ளெழுத்துக்கு ஏற்கெனவே கண்ணாடி வாங்கியிருந்தார். 40 சென்டிமீட்டரில் பிடித்த அட்டையைக் கடைசி வரி வரை தடங்கலில்லாமல் வாசித்தார். ஆனாலும், “இதைப் போட்டா எழுத்து தெரியுது, முடிச்சு தெரிய மாட்டேங்குதே” என்றார். பையிலிருந்த துணியை எடுத்து வழக்கம்போல் முடிச்சுப் போடச் சொல்லி, கண்ணுக்கும் விரலுக்கும் நடுவே அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்தேன்: 25 சென்டிமீட்டர். 40 சென்டிமீட்டரில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்க 2.50 டயாப்டர் (ஒளியைக் குவிக்கும் திறனின் அலகு) வேண்டும். 25 சென்டிமீட்டருக்கு 4.00 வேண்டும். அந்த ஒன்றரை டயாப்டரை அவருக்குக் கண்ணாடி எழுதிக்கொடுத்தவர் கணக்கில் எடுக்கவே இல்லை.

ஓர் ஆய்வேட்டுக்கான விதை இதில் இருக்கிறது. வேலை செய்யும் தூரத்தை அளந்து கொடுத்த கண்ணாடியையும், வழக்கமான தூரத்துக்குக் கொடுத்த கண்ணாடியையும் ஒப்பிட்டால், ஒரு மணி நேரத்தில் போடும் முடிச்சுகளின் எண்ணிக்கை மாறுமா? “நெசவாளர்களின் பார்வைக் குறைபாடுகள்” என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதைவிட இப்படி அளந்து விடை காணக்கூடிய ஒரு கேள்வி நூறு மடங்கு மேலானது. அசாமில் 40 வயதைக் கடந்த தேயிலைத் தொழிலாளர்கள் 751 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வு இதே தடத்தில் போனதுதான். கிட்டப் பார்க்கும் கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களோடு ஒப்பிட 21.7 சதவீதம் கூடியது. எளிய கண்ணாடி, எளிய தராசு. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு.

இனி எம்.ஆப்டம் பற்றி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, முதுநிலைப் பட்டத்தில் 55 சதவீதம் பெற்றவர்களும், எட்டுப் பருவங்கள் கொண்ட நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் பெற்றவர்களும் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் பட்டம் மூன்றாண்டு வகுப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியுமாக அமைந்திருந்தால், அதை எட்டுப் பருவப் பட்டமாக ஏற்றுக்கொள்வார்களா என்பதை விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். என் கருத்தில், வழி இருந்தாலும்கூட எம்.ஆப்டத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அந்த இரண்டாண்டில் எழுதும் சிறிய ஆய்வேட்டில் செய்யும் பிழைகள், முனைவர் பட்டத்தில் செய்யப்போகும் பெரிய பிழைகளிலிருந்து உங்களைக் காப்பாற்றும்.

அப்படிப்பட்ட பிழைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் நம் துறையில் அது அடிக்கடி நடக்கிறது. முப்பது பேரைப் பரிசோதித்துவிட்டு “அறுபது கண்கள்” என்று எழுதுகிறோம். ஒருவருடைய வலக்கண்ணும் இடக்கண்ணும் பெரும்பாலும் ஒன்றைப்போலவே இருப்பதால், அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணினால் முடிவு உண்மையில் இருப்பதைவிட உறுதியானதாகத் தோன்றிவிடும். எனவே தரவுகளைத் திரட்டிய பிறகு புள்ளியியலாளரிடம் போகாதீர்கள். எத்தனை பேர் தேவை, எந்தக் கண்ணைக் கணக்கில் எடுப்பது என்பதையெல்லாம் முதல் ஆளைப் பரிசோதிக்கும் முன்பே அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

இந்தியாவில் சென்னையிலும் ஹைதராபாத்திலும் இத்துறையில் ஆழமான ஆய்வு நடக்கிறது. சென்னையிலுள்ள எலைட் ஆப்டோமெட்ரி கல்லூரி 1985 முதல் இயங்கி வருகிறது. வெளிநாடுகளில் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகமும், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகமும் இதற்கென்றே தனிப்பள்ளி வைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் முனைவர் பட்டத்துக்கு வகுப்புகள் மிகக் குறைவு, ஏறக்குறைய முழு நேரமும் ஆய்வுதான். அந்நாட்டு அரசின் ஆராய்ச்சிப் பயிற்சி உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் அதிலேயே அடங்கும், ஆனால் போட்டி கடுமையானது. அமெரிக்காவில் ஓ.டி. என்று அழைக்கப்படும் பட்டம் தொழில் செய்வதற்கானது. அதை ஆராய்ச்சிப் பட்டம் என்று எண்ணி ஏமாற வேண்டாம். அதேபோல், வெளிநாட்டில் முனைவர் பட்டம் பெற்றதாலேயே அங்கே கண் பரிசோதிக்கும் உரிமை வந்துவிடாது. அதற்கு அந்நாட்டின் தேர்வும் பதிவும் தனியாகத் தேவை.

ஆய்வு நெறியாளருக்கு எழுதும் முதல் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அவருடைய கட்டுரைகளில் இரண்டையாவது முழுமையாகப் படித்து, அவை எந்த இடத்தில் நிற்கின்றன, உங்கள் கேள்வி அங்கிருந்து எப்படித் தொடர்கிறது என்பதை நான்கு வரிகளில் சொல்லுங்கள். ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றி முப்பது பேருக்கு அனுப்பினால், படிப்பவர் முதல் வரியிலேயே கண்டுகொள்வார்.

பண விஷயத்தில் மனம் தளராதீர்கள். மத்திய அரசின் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய். அத்தகைய நிதியுள்ள திட்டத்தில் சேர்ந்தால் வீட்டுக்குப் பாரமில்லாமல் படிக்கலாம். உதவித்தொகைக் கடிதம் கைக்கு வரும்வரை இப்போதைய வேலையை விட வேண்டாம்.

அதுவரை, கிட்டப் பார்வையைப் பரிசோதிக்கும் ஒவ்வொருவரிடமும் என்ன வேலை செய்கிறார், எவ்வளவு தூரத்தில் வைத்துச் செய்கிறார் என்று கேட்டு, அளந்து, அதற்கேற்ற கண்ணாடி கொடுங்கள். அது அவருக்குச் செய்யும் நல்ல சிகிச்சை. ஆனால் அந்தக் குறிப்புகளை ஆய்வுக்குப் பயன்படுத்த நினைத்தால், மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றாக வேண்டும். அந்தக் குழுவின் விண்ணப்பப் படிவத்தை இந்த வாரமே வாங்கிப் படித்துப் பாருங்கள்; அதில் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு விடை எழுத முயன்றாலே உங்கள் ஆய்வு முன்வரைவில் பாதி எழுதி முடிந்திருக்கும்.