இசைப் பக்கம்: அப்பாவும் மகளும் ஆட எந்தப் பாட்டு?

ரொறன்ரோவில் கல்யாண காலம் தொடங்கிவிட்டது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: மாலை வரவேற்பில் மணமகளும் அவளுடைய அப்பாவும் ஆடும்போது என்ன பாட்டுப் போடுவது? நான் கல்யாண வீடுகளில் ஒலி அமைப்புப் பார்க்கிறவன். அந்த இரண்டு மூன்று நிமிடமும் என் வேலையில் எனக்கு மிகவும் முக்கியமானவை. ஆகவே இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அண்ணா, ஆகஸ்டில் எனக்குக் கல்யாணம். காலையில் கோயிலில் தாலிகட்டு, மாலையில் மண்டபத்தில் வரவேற்பு. அவர் இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை. அவர் தன் அம்மாவோடு ஆடுவார், நான் அப்பாவோடு ஆட வேண்டும். அப்பா வாழ்க்கையில் ஆடியதே இல்லை. முழங்கால் வலியும் இருக்கிறது. தம்பி ‘கண்ணான கண்ணே’ போடச் சொல்கிறான். தோழிகள் ஸ்டீவி வொண்டரின் ‘இஸின்ட் ஷி லவ்லி’ என்கிறார்கள். இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் பிடிக்க வேண்டும். நான் பிறப்பதற்கு முன்பே அப்பா கனடா வந்துவிட்டார். நாலு வயதில் பியர்சன் விமான நிலையத்தில்தான் அவரை முதலில் பார்த்தேன். அதுவரை அவர் கொழும்புக்கு அனுப்பிய கசெற்றில் குரல் மட்டும்தான். அதிலே ‘சின்னஞ்சிறு கிளியே’ பாடியிருப்பார். இப்போதும் கார் ஓட்டும்போது அதைத்தான் முணுமுணுப்பார். எதைப் போடலாம்? — ஒரு மகள், மார்க்கம்

பதில்: தங்கச்சி, அந்தக் கசெற் இன்னும் இருக்கிறதா? அம்மாவிடம் இன்றைக்கே கேளுங்கள். இருந்தால் உங்களுக்கு வேறு பாட்டுத் தேட வேண்டியதில்லை.

முதலில் மற்ற இரண்டையும் பார்த்துவிடுவோம். ‘கண்ணான கண்ணே’ 2019இல் விஸ்வாசம் படத்தில் வந்தது. தாமரை எழுத, இமான் இசையமைக்க, சித் ஸ்ரீராம் பாடியது. இப்போது நான் போகிற கல்யாணங்களில் அதிகம் கேட்கிற பாட்டு அதுதான். படத்தில் அது மகளைப் பிரிந்திருந்த அப்பாவின் பாட்டு. பக்கத்தில் நிற்பது தன் அப்பா என்று மகளுக்கே தெரியாது. தினமும் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட அப்பாவுக்கு அதைப் போடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. உங்கள் கதைக்கு அது பொருந்தும், உண்மைதான். ஆனால் அதைவிட நெருக்கமானது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

ஸ்டீவி வொண்டரின் பாட்டு அருமையானது. தன் மகள் பிறந்த மகிழ்ச்சியில் எழுதி 1976இல் வெளியிட்டார். குழந்தையின் அழுகையோடு தொடங்கும். இசைத்தட்டில் இருப்பது ஆறரை நிமிடம். பாதிக்கு மேல் ஹார்மோனிகாதான். துள்ளலான தாளம். முழங்கால் வலிக்கிற ஒரு மனிதரை அதற்கு ஆட விடாதீர்கள். விருந்துக்குப் பிறகு எல்லோரும் ஆடும்போது அதைப் போடுங்கள், தோழிகளும் சந்தோஷப்படுவார்கள்.

இனிக் கசெற். கிடைத்தவுடன் ஆசையில் வீட்டில் கிடக்கிற பழைய ரேடியோவில் போட்டுப் பார்க்காதீர்கள். உருளையில் பிசுக்கு இருந்தால் நாடாவை இழுத்துச் சிக்க வைத்துவிடும். பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன, அங்கே கொடுங்கள். சத்தம் மங்கலாக வந்தால் நாடா கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். நாடாவுக்குப் பின்னால் அதை அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சுத் துண்டு ஒன்று உண்டு. பசை காய்ந்து அது விழுந்திருக்கும். அதை மாற்றி ஒட்டலாம். இன்னொன்று: அந்தக் காலத்தில் பற்றரி இறங்கிப்போன ரெக்கோடரில் பேசியிருந்தால் நாடா மெதுவாக ஓடியிருக்கும். இப்போது சரியான வேகத்தில் போட்டால் அப்பாவின் குரல் கீச்சென்று, அவசரமாகக் கேட்கும். கணினியில் வேகத்தைக் குறைத்தால் அவருடைய சொந்தக் குரல் வந்துவிடும். எவ்வளவு குறைப்பது என்பதை அம்மா பக்கத்தில் இருந்து சொல்லட்டும். அந்தக் குரலை அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை.

பாரதியின் ‘கண்ணன் பாட்டு’ 1917இல் முதலில் அச்சானது. அதில் கண்ணனை மகளாக்கி, ‘கண்ணம்மா என் குழந்தை’ என்று பாடியதுதான் உங்கள் அப்பாவின் ‘சின்னஞ்சிறு கிளியே’. இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்ற ஒருவர் எழுதியது என்பது ஒவ்வொரு வரியிலும் தெரியும். 1951இல் மணமகள் படத்தில் சி.ஆர். சுப்பராமன் இசையில் எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடிய பிறகு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. ‘ஓடி வருகையிலே கண்ணம்மா உள்ளங் குளிருதடீ’ என்று ஒரு வரி வருகிறதே. மகள் ஓடி வருவதைக் காண நாலு வருடம் காத்திருந்த ஒருவர் அதைப் பாடி நாடாவில் பதிந்து அனுப்பியிருக்கிறார். இதற்கு நிகரான பாட்டை எந்தப் பட்டியலிலும் எடுக்க முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். கசெற்றில் இருக்கும் அப்பாவின் குரலில் முதல் நாலு வரியை மட்டும் எடுங்கள். இரைச்சல் கொஞ்சம் இருக்கட்டும், முழுக்கத் துடைத்தால் குரலும் தேய்ந்துவிடும். அது முடிகிற இடத்தில் அதே சுருதியில் ஒரு வயலினோ புல்லாங்குழலோ தொடர வேண்டும். பாட்டு ராகமாலிகை. ராகம் மாறுகிற இடத்தில் கண்டபடி வெட்டினால் காதில் அடிக்கும், ஆகவே வாசிக்கிறவரிடமே முடிவைக் கேட்டு வாங்குங்கள். ‘உச்சிதனை முகந்தால் கருவம் ஓங்கி வளருதடீ’ வரை போதும். அதற்கு மேலே போனால் ‘உன் கண்ணில் நீர்வழிந்தால்’ வரும். அந்த இடத்தில் மண்டபத்தில் யாராலும் நிற்க முடியாது. எல்லாம் சேர்ந்து இரண்டரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

அப்பாவுக்குத் தெரியாமல் வைத்து ஆச்சரியப்படுத்தலாம் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். முந்நூறு பேர் முன்னால், வீடியோ வெளிச்சத்தில், முப்பது வருடத்துக்கு முந்தைய தன் குரலை முதன்முதலில் கேட்க வைப்பது அவருக்குச் செய்கிற நல்லதல்ல. ஒரு வாரம் முன்பே வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் மூன்று பேரும் கேளுங்கள். அழ வேண்டியதை அங்கே அழுது முடியுங்கள்.

ஆட்டம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். அவருடைய வலக்கை உங்கள் முதுகில், இடக்கையில் உங்கள் வலக்கை. உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மெதுவாக மாற்றினால் போதும். சுற்ற வேண்டாம், முழங்கால் முறுகும். சேலையின் கீழ்க்கரை நிலத்தில் புரளாதபடி கட்டச் சொல்லுங்கள், அப்பாவின் சப்பாத்து அதில் ஏறும். மாப்பிள்ளை வீட்டாருக்கு, பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் ஆங்கிலத்தில் இரண்டே வசனம் சொல்லட்டும்: இது இவர் கடல் தாண்டி மகளுக்குப் பாடி அனுப்பிய பாட்டு, இது அவருடைய குரல். கப்பலேறி வந்து, பிறகு பிள்ளைகளை அழைத்தவர்கள் இத்தாலியக் குடும்பங்களிலும் ஏராளம். அவர்களுக்கு விளங்கும்.

கேள்வி: ஐயா, மகள் தேர்ந்தெடுத்த பாட்டு ‘டான்ஸ் வித் மை ஃபாதர்’. எனக்கு ஆங்கிலப் பாட்டின் சொற்கள் பிடிபடாது. ஒரு உறவுக்காரர் கேட்டுவிட்டு, ‘இது செத்துப்போன அப்பாவைப் பற்றின பாட்டு’ என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனம் சரியில்லை. மகளிடம் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. — ஒரு அப்பா, மிசிசாகா

பதில்: உறவுக்காரர் சொன்னது சரி. லூதர் வான்ட்ராஸ் 2003இல் வெளியிட்டது. சிறு வயதில் இழந்த அப்பாவோடு இன்னொரு முறை ஆட மாட்டேனா என்கிற ஏக்கம்தான் அந்தப் பாட்டு. உங்கள் மகள் தலைப்பைப் பார்த்து எடுத்திருப்பாள். அதை மனதில் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். ‘பிள்ளை, இந்தப் பாட்டின் சொற்களை எனக்கு ஒருக்கால் சொல்லு’ என்று கேளுங்கள். சொல்லத் தொடங்கினால் அவளுக்கே தெரிந்துவிடும்.

தமிழிலும் இதே தவறு நடக்கிறது. ‘கண்ணே கலைமானே’ தாலாட்டுப் போல இருப்பதால் அப்பா–மகள் ஆட்டத்துக்குக் கேட்கிறார்கள். மூன்றாம் பிறை பார்த்தவர்களுக்கு, நாயகனை அடையாளம் தெரியாமலே நாயகி பிரிந்துபோகிற அந்தப் படத்தின் ரயில் நிலையம் ஞாபகம் வராமல் இருக்காது. ‘ஒரு தெய்வம் தந்த பூவே’ தத்தெடுத்த பிள்ளைக்கான பாட்டு. அப்படி வளர்த்த வீடாக இருந்தால் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. மற்ற வீடுகளில் சபை தேவையில்லாமல் யோசிக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது: ‘ஆனந்த யாழை மீட்டுகிறாய்’, தங்க மீன்கள், 2013. நா. முத்துக்குமாருக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த பாட்டு. மகளை அருகில் வைத்துக்கொண்டு அப்பா நிறைந்துபோய்ப் பாடுவது. அல்லது அபியும் நானும் படத்தின் ‘வா வா என் தேவதையே’. மகளுக்கு ஆங்கிலம்தான் வேண்டுமென்றால் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ‘வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’. 1967இல் வந்தது, இரண்டரை நிமிடம்கூட இல்லை, வெட்டவே வேண்டாம். ஒன்றைத் தீர்மானிக்கும் முன் இரண்டு பேரும் வீட்டு ஹோலில் அந்தப் பாட்டுக்கு நடந்து பாருங்கள். உங்கள் கால் தானாகத் தாளத்தில் விழுந்தால் அதை எடுங்கள்.

கேள்வி: அப்பா இறந்து இரண்டு வருடம். எனக்கு ஒக்டோபரில் கல்யாணம். மாமா என்னோடு ஆட ஆயத்தமாக இருக்கிறார். அம்மா சபைக்கு முன்னால் வரவே மாட்டேன் என்கிறார். அந்த ஆட்டத்தையே விட்டுவிடலாமா? — ஒரு மகள், பிரம்டன்

பதில்: மாமா நல்லவர்தான். ஆனால் நீங்கள் அம்மாவோடு ஆடுங்கள், பிள்ளை.

இதை நான் அழுத்திச் சொல்கிறேன். புருஷனை இழந்த பெண்ணை நம் கல்யாணங்களில் காலைச் சடங்கு முழுவதும் பின்வரிசையில் இருத்திவிடுகிறார்கள். பெற்று வளர்த்தவள் ஆரத்தித் தட்டைக்கூடத் தொடாமல் இருப்பாள். ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குத் தாங்காது. மாலை வரவேற்புக்குச் சாத்திரம் எதுவும் இல்லை. யார் முன்னால் வர வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறது. அம்மா மறுப்பார். மேசைக்குப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். பாட்டு ஓடும்போது பாதியில் மாமாவும் வந்து சேர்ந்துகொள்ளட்டும்.

பாட்டு, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து கேட்டதாக இருக்கட்டும். அம்மாவிடம் கேட்டால் ஒரு நொடியில் சொல்வார். ஆங்கிலம் என்றால் நடலி கோலின் ‘அன்ஃபொர்கெட்டபிள்’. அவருடைய அப்பா நாட் கிங் கோல் 1951இல் பாடி, 1965இல் இறந்துபோனார். 1991இல் மகள் அந்தப் பழைய பதிவோடு தன் குரலைச் சேர்த்துப் பாடினார். மேலே மிசிசாகா ஐயாவுக்கு வேண்டாம் என்று சொன்ன பாட்டும் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் அம்மா உங்கள் தோளில் இருக்கும்போது நான் அதைப் போடமாட்டேன்.

அப்பாவின் படங்களைத் திரையில் ஓட விடுவதானால் ஆட்டத்துக்கு முன்னாலேயே ஓட்டி முடியுங்கள். இரண்டும் ஒன்றாக நடந்தால் எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள், அம்மா தனியே நிற்பார்.

கேள்வி: அப்பனும் வயது வந்த மகளும் சபையில் கட்டிப் பிடித்து ஆடுவது எங்கள் வழக்கமா? — ஒரு பெரியம்மா, ஸ்காபரோ

பதில்: எங்கள் வழக்கம் இல்லை அம்மா, மேற்கத்தியக் கல்யாணங்களிலிருந்து வந்தது. எங்கள் சடங்கில் அப்பாவுக்குத் தாரை வார்க்கிற நேரம் இருக்கிறது. நீர் விட்டு மகளின் கையைக் கொடுக்கிறார். அதை யாரும் எடுத்துவிடவில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஐயரும் கமராக்காரரும் மறைத்துக்கொண்டிருக்க, அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அபூர்வம். இரவு பகல் இரண்டு வேலை செய்து வளர்த்த பிள்ளையின் முகத்தை மாலையிலே இரண்டு நிமிடம் நின்று பார்க்கட்டுமே. பிடிக்காத அப்பாவைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்பதில் நான் உங்கள் பக்கம்.

கேள்வி: அப்பா ஆடமாட்டாராம். பாடுகிறேன் என்கிறார். நன்றாகப் பாடுவார். விடலாமா? — ஒரு மகள், ஏஜக்ஸ்

பதில்: கட்டாயம் விடுங்கள். கரோக்கி இசையை மூலப்பாட்டின் சுருதியிலேயே போட்டுவிடாதீர்கள். ஐம்பது தாண்டிய குரலுக்கு மேல் ஸ்தாயி எட்டாது, சபையில் பதற்றம் வேறு இருக்கும். வீட்டில் பாட வைத்து, ஒரு கட்டை இறக்கியும் ஒன்றரைக் கட்டை இறக்கியும் பார்த்து, சரியானதை டிஜேயிடம் தனிக் கோப்பாகக் கொடுங்கள். மைக் கம்பியில்லாததாக இருக்கட்டும். பற்றரி அன்றைக்குப் புதிதாகப் போட்டதா என்று கேளுங்கள். விருந்துக்கு முன்னால் பாட வையுங்கள், சாப்பிட்ட வயிற்றோடு மூச்சு நிற்காது. நீங்கள் மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருங்கள், அவருக்குப் பார்க்க ஒரு முகம் வேண்டும்.