5,000 பேர் படிக்கும் பள்ளியில் என் மகள் தொலைந்துபோவாளா?

கேள்வி: என் கணவருக்கு அமெரிக்காவில், டாலஸ் நகருக்கு வடக்கே ஆலன் என்ற ஊருக்கு வேலை மாற்றம். ஜூலையில் கிளம்புகிறோம். எட்டாவது முடித்த மகள் அங்கே ஒன்பதாவதில் சேர வேண்டும். திருச்சியில் 600 பேர் படிக்கும் பெண்கள் பள்ளியில் வளர்ந்தவள், அதிகம் பேச மாட்டாள். ஆலன் ஹைஸ்கூலில் 5,000 பேருக்கு மேல் படிக்கிறார்களாம். ஃபுட்பால், டான்ஸ், துப்பாக்கி என்று கேள்விப்படுவதெல்லாம் பயமாக இருக்கிறது. கடன் வாங்கியாவது சின்னத் தனியார் பள்ளியில் சேர்க்கலாமா? எங்கே சேர்ந்தாலும் இனி படிப்பு மட்டும்தான், ஆறு வருடம் கற்ற வயலினைக்கூட மூட்டை கட்டு என்று சொல்லிவிட்டேன். சரிதானே?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: கடன் வாங்காதீர்கள். வயலினையும் மூட்டை கட்டாதீர்கள். இரண்டில் வயலின்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

முதலில் அந்த 5,000. உங்கள் மகள் போன உடனே அந்தக் கூட்டத்துக்குள் விழப்போவதில்லை. ஆலனில் ஒன்பதாம் வகுப்புக்கென்றே லௌரி ஃப்ரெஷ்மன் சென்டர் என்று தனி வளாகம் உண்டு. பெரிய பள்ளிக்குப் போவது பத்தாவதிலிருந்துதான். எல்லோருமே புதிதாக வந்தவர்கள் என்பதால், முதல் வருடம் வழி தெரியாமல் முழிக்கிறவள் அவள் மட்டுமாக இருக்க மாட்டாள்.

ஆனால் அங்கே பிள்ளைகள் தனித்துப்போவதற்குக் காரணம் கூட்டம் மட்டுமல்ல. நம் ஊரில் 'எய்ட் பி' என்றால் வருடம் முழுக்க அதே 40 பேர், அதே பெஞ்ச், அதே சண்டை. ஆசிரியர்கள்தான் மாறி மாறி வருவார்கள். அங்கே அந்த 'பி செக்‌ஷன்' என்பதே கிடையாது. மணி அடித்தால் சில நிமிடத்துக்குள் மாணவர்தான் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓட வேண்டும். கணக்கு வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் அறிவியலில் இருக்க மாட்டாள். என் அக்கா மகள் டாலஸ் பக்கம் வேறொரு பள்ளியில் சேர்ந்தபோது முதல் மூன்று வாரம் மதியச் சாப்பாட்டை லைப்ரரி வாசலில் உட்கார்ந்து தனியாகத்தான் சாப்பிட்டாள். வீட்டில் கேட்டால் "ஃபைன்" என்பாளாம். சின்னத் தனியார் பள்ளியிலும் பெரும்பாலும் இப்படி அறை மாறுகிற ஏற்பாடுதான்.

அங்கே 'பி செக்‌ஷன்' வேலையைச் செய்வது பேண்ட், ஆர்கெஸ்ட்ரா (வயலின் போன்ற தந்தி வாத்தியங்களைச் சேர்ந்து வாசிக்கும் குழு), நாடகம், விளையாட்டு ஆகியவைதான். பாடத்துக்குப் பாடம் முகங்கள் மாறினாலும், அந்த அறையில் மட்டும் பெரும்பாலும் அதே கூட்டம் வருடா வருடம் தொடரும். அப்புறம், உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்: ஆர்கெஸ்ட்ரா என்பது மாலை நேரப் பொழுதுபோக்கு இல்லை. பகலில், கால அட்டவணைக்குள், மதிப்பெண் போடும் ஒரு பீரியட். டெக்சாஸில் பள்ளிப் படிப்பை முடிக்கவே கலைப் பாடத்தில் ஒரு கிரெடிட், அதாவது ஒரு வருடப் பாடத்தில் தேறிய கணக்கு, கட்டாயம். வயலின் வேண்டாம் என்றால் படம் வரையவோ நடிக்கவோ போக வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காக நேராகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிடுவாள் என்று நினைக்காதீர்கள். நம் கர்நாடக முறையில் தரையில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் சாய்த்து வாசிப்போம். அவர்கள் நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோளில் தாங்கி வாசிப்பார்கள். ஸ்ருதி சேர்ப்பதும் வேறு. முக்கியமாக, ஐந்து கோட்டில் எழுதிய ஸ்டாஃப் நோட்டேஷனைப் பார்த்த உடனே வாசிக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் ஆறாவதிலிருந்தே அதைப் படித்தவர்கள். தேர்வு வைத்துக் கீழ்க் குழுவில் போடுவார்கள், போடட்டும். ஆறு வருடம் பழகிய காது எங்கேயும் போகாது. கிளம்புவதற்கு முன் ஒரு மேற்கத்திய இசை ஆசிரியரிடம் நோட்டேஷன் மட்டும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

படிப்பு கெட்டுவிடுமே என்ற கவலைக்கு மாநிலமே ஒரு சட்டம் வைத்திருக்கிறது. 1984-இல் டெக்சாஸில் கொண்டுவந்த அந்தச் சட்டப்படி, ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போய் ஃபெயில் ஆனால் இப்போது குறைந்தது மூன்று வாரம் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது. சில உயர்நிலைப் பாடங்களுக்கு விலக்கு உண்டு. மற்றபடி ஃபுட்பால் நாயகனுக்கும் இதுதான், வயலின்காரிக்கும் இதுதான். உங்களை விடக் கண்டிப்பு!

ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம்) விஷயத்தில் அந்த ஊர் நம் திருவிழா ஊர் மாதிரி. 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம், 6 கோடி டாலர் செலவில் 2012-இல் திறந்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் ஆடுவதற்கு. (இரண்டே வருடத்தில் கான்கிரீட்டில் விரிசல் விட்டு மூடி, 2015-இல் மறுபடி திறந்தது தனிக்கதை.) இலையுதிர் காலத்தில் 'ஹோம்கமிங்' வரும்; பழைய மாணவர்களை வரவேற்று ஃபுட்பால் மேட்ச், டான்ஸ் என்று பள்ளி நடத்தும் கொண்டாட்டம் அது. அப்போது மகள் 'மம்' வேண்டும் என்பாள், பதறாதீர்கள். 'மம்' என்பது நம் செவ்வந்திப் பூதான். ஒரு காலத்தில் நிஜப் பூவை நெஞ்சில் குத்திக்கொண்டார்கள். இப்போது காகிதமோ துணியோ வைத்த பெரிய பூ, முழங்கால் வரை தொங்கும் ரிப்பன், மணி, பொம்மை, விளக்குகூட. கடையில் வாங்கினால் நல்ல விலை. பையன்கள் பெண்களுக்குக் கொடுப்பதுதான் வழக்கம் என்றாலும் அம்மாவே செய்து கொடுப்பதும் உண்டு. ஒரு மாலை உட்கார்ந்து நீங்களும் அவளும் பசை ஒட்டிச் செய்யுங்கள். மேட்சுக்குத் தோழிகளோடு அனுப்புங்கள். டான்ஸுக்கு அனுப்புவதா என்பதை அடுத்த வருடம் பேசிக்கொள்ளலாம்.

துப்பாக்கி பற்றிய பயம் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். அதே ஆலனில் 2023 மே மாதம் ஒரு ஷாப்பிங் மாலில் 8 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பள்ளிகளில் கதவைப் பூட்டி ஒளிந்துகொள்ளும் ஒத்திகை நடக்கும். முதல் தடவை அது நடக்கும் அன்று மகள் ஆடிப்போய் வருவாள்; முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இன்னொன்று, அரசுப் பள்ளிகளில் பள்ளி நேரத்தில் ஃபோன் பயன்படுத்த 2025-இல் மாநிலம் தடை போட்டுவிட்டது. மதியம் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்க முடியாது. அந்தப் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

சேர்க்கைக்கு வாடகை ஒப்பந்தம் போன்ற முகவரிச் சான்று, தடுப்பூசி அட்டை, மதிப்பெண் சான்றிதழ்கள் எல்லாம் கேட்பார்கள். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் வரும். ஆங்கிலத் தேர்வு வைப்பார்களே என்று பயந்து சிலர் 'இங்கிலீஷ்' என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ் என்றே எழுதுங்கள், தேர்வு வைத்தால் எழுதட்டும். நீங்கள் விடாமல் கேட்க வேண்டியது கணக்கு. அங்கே பல பிள்ளைகள் எட்டாவதிலேயே அல்ஜீப்ரா முடித்துவிட்டு ஒன்பதாவதில் ஜியோமெட்ரிக்குப் போகிறார்கள். தேர்வெழுதி அந்தக் கிரெடிட் வாங்க வழி உண்டா என்று, பாடங்களைத் தேர்வு செய்ய உதவும் பள்ளிக் கவுன்சலரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். ஆகஸ்ட் பாதியில் பள்ளி தொடங்கிவிடும், அதற்குள் கேட்க வேண்டும்.

வயலினைச் செக்-இன் பெட்டியோடு போட்டுவிடாதீர்கள். தந்திகளை லேசாகத் தளர்த்தி, கையோடு விமானத்துக்குள் எடுத்துப்போக அனுமதி உண்டா என்று டிக்கெட் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.