வரப்பில் ஏன் நின்றீர்கள்?

கேள்வி: பி.எஸ்சி. வேளாண்மை முடித்துவிட்டு எட்டு மாதமாக ஊரில் இருக்கிறேன். மூன்று ஏக்கர். சம்பா நட்டு ஒரு மாதம் ஆகிறது. அப்பா கண்ணால் பார்த்தே யூரியாவைக் கொட்டுகிறார். இலையின் பச்சையை ஒப்பிட்டு உரம் வேண்டுமா என்று சொல்லும் இலை வண்ண அட்டையைக் காட்டினால், "பயிரைப் பார்க்க அட்டை எதுக்குடா?" என்கிறார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வயலுக்குள் இறங்கிப் போய்க்கொண்டே இருப்பார். நான் வரப்பில் நின்று கத்திக்கொண்டிருப்பேன். என் படிப்புக்கு மதிப்பே இல்லையா?
- பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: தம்பி, இதே கடிதம் எனக்கு வருடத்துக்குப் பத்து வருகிறது. படிப்பின் மதிப்பை அப்புறம் பேசலாம். வரப்பில் ஏன் நின்றீர்கள், அதை முதலில் சொல்லுங்கள்.

அட்டையை எப்படி வைப்பது என்று கல்லூரியில் சொல்லித்தந்திருப்பார்கள். நட்ட 14-ம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவை, காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில், வயலுக்குள் பரவலாக 10 குத்து, அதாவது பத்து நாற்றுக் கொத்து, பார்க்க வேண்டும். மேலே முழுதாக விரிந்த இலையைக் கிள்ளாமல், உங்கள் உடம்பு நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும். அட்டையில் வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3-ம் எண் பச்சை, மற்ற ரகங்களுக்கு 4-ம் எண் பச்சைதான் அளவு. பத்தில் ஆறு இலை அதற்குக் கீழே இறங்கினால்தான் யூரியா. இதில் எதை வரப்பிலிருந்து செய்வீர்கள்? வரப்போரப் பயிர் வெளிச்சமும் இடமும் தாராளமாகக் கிடைத்து வளர்ந்தது. நடுவயலுக்கு அது சாட்சி சொல்லாது. உங்கள் பாடமே சேற்றில் இறங்கச் சொல்கிறது. அதை நீங்கள் கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

அப்பா செய்வதும் சரியில்லை. யூரியா தரும் தழைச்சத்து மிஞ்சினால் பயிர் கரும்பச்சையாய்த் தளதளவென்று நிற்கும். பார்க்க மனசு நிறையும். பின்னாலேயே புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் வரும், கதிர் முற்றும்போது பயிர் சாயும். அந்தப் பச்சையில் மயங்காமல் இருக்கத்தான் அட்டை. ஆனால் எல்லா மஞ்சளும் தழைச்சத்துக் குறைவு இல்லை. தண்ணீர் வடியாத மூலையும் வெளுக்கும், துத்தநாகம் பற்றாவிட்டாலும் வெளுக்கும். எந்த மூலையில் நீர் தேங்கும் என்பது அட்டையில் இருக்காது. அது உங்கள் அப்பாவின் உள்ளங்காலுக்குத் தெரியும்.

பெற்றவரை ஊர் கேட்கக் கத்தித் திருத்துவது பிள்ளைக்கு அழகில்லை. கூட இறங்குவதுதான் உங்கள் கடமை.

நாளைக் காலை செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பின்னால் போங்கள். ஒவ்வொரு குத்திலும், "இதுக்கு உரம் வேணுமாப்பா?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அட்டையை வையுங்கள். அவர் ஒன்றும் அட்டை ஒன்றும் சொல்கிற குத்தில் நின்று, ஏன் என்று இரண்டு பேரும் பேசுங்கள். நாலு வாரம் இப்படிப் போன பிறகு, அடுத்த சாகுபடிப் பட்டத்துக்கு ஒரே ஒரு மா நிலத்தில் (ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு) அட்டைப்படி உரம் போட அனுமதி கேளுங்கள். அறுத்ததும் அதைத் தனியாக அடியுங்கள். மூட்டையை அப்பாவே எண்ணட்டும்.