கிறிஸ்தவப் புனிதர் செபஸ்தியார் அம்பு பாய்ந்தா இறந்தார்?

இல்லை. சுரூபங்களில் (சிலைகளில்) அம்புகளோடு நிற்பதால் வரும் குழப்பம் இது. 5ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அவரது பாடுகளின் (துன்பங்களின்) வரலாற்றின்படி, உரோமைப் பேரரசன் தியோக்ளேசியன் ஆணையால் அம்பெய்தவர்கள் அவர் இறந்துவிட்டதாக நினைத்து விட்டுப் போனார்கள். உடலை அடக்கம் செய்ய வந்த ஐரீன் என்ற கைம்பெண் உயிர் இருப்பதைக் கண்டு, வீட்டில் வைத்துக் குணப்படுத்தினார். தேறியதும் பேரரசனை நேரில் கண்டித்தார் செபஸ்தியார். இம்முறை தடியால் அடித்தே கொன்று, உடலைச் சாக்கடையில் வீசினார்கள்.

இந்தக் கதை அவர் இறந்து நூறாண்டுக்குப் பிறகு எழுதப்பட்டது. வரியெல்லாம் வரலாறு என்று கொள்ள முடியாது. உறுதியானது கொஞ்சம்தான்: மறைசாட்சிகளின் நினைவு நாள்களைத் தரும் 354ஆம் ஆண்டின் உரோமைப் பட்டியல் ஜனவரி 20இல் அவரைக் குறிக்கிறது. கல்லறை உரோமையின் ஆப்பியா சாலையோரச் சுரங்கக் கல்லறையில் உள்ளது. மிலான் ஊர்க்காரர் என்கிறார் 4ஆம் நூற்றாண்டில் அவ்வூர் ஆயராக இருந்த புனித அம்புரோஸ்.

கொள்ளைநோய்க்கு அவரை வேண்டுவது ஏன்? நோயை வானிலிருந்து பாயும் அம்பாகப் பார்த்தது பழைய வழக்கம்; அம்பில் பிழைத்தவர் அதற்குத் துணையானார். 680இல் இத்தாலியின் பவியாவில் அவருக்குப் பீடம் எழுப்பியதும் கொள்ளைநோய் தணிந்ததாக மரபு. தாடி வைத்த முதியவராகவே பழைய மொசைக் ஓவியம் காட்டுகிறது. அழகிய இளைஞர் உருவம் பிற்கால ஓவியர்கள் தந்தது.