அரை சென்ட் தோட்டத்துக்கு எத்தனை கருவிகள் தேவை?

புதுக்கோட்டைக்கு அருகே செம்மண் நிலத்தில் வீடு கட்டிக் குடியேறியிருக்கும் வாசகி ஒருவர், கொல்லையில் அரை சென்ட் இடத்தில் கீரை, வெண்டை, கத்தரி பயிரிட எண்ணியிருக்கிறார். இணையத்தில் விற்கும் பத்துக் கருவிகள் அடங்கிய பெட்டியை வாங்கலாமா என்றும், துருவேறிக் கணை (மரக் கைப்பிடி) ஆடுகிற தம் மாமனாரின் மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அம்மா, இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்த மண்வெட்டியைப் போட்டுவிடாதீர்கள். தகட்டில் விரிசல் இல்லாமலும், கணை நுழையும் காது வாய் பிளக்காமலும் இருந்தால், மேலே படிந்த துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கிவிட்டுப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். ஆனால் ஆடுகிற கணையோடு ஒருமுறைகூட வெட்ட வேண்டாம். ஓங்கும்போது தகடு கழன்று எதிரில் நிற்பவர் மேல் விழக்கூடும். தண்ணீரில் ஊறவைத்தால் மரம் உப்பிக் கணை இறுகுவது உண்மைதான் என்றாலும், காய்ந்தவுடன் முன்னைவிடத் தளர்ந்துவிடும் என்பதால் அதை நிரந்தரத் தீர்வாகக் கொள்ளக் கூடாது. அருகில் உள்ள பட்டறையில் கொடுத்து, முடிச்சில்லாத, மர ரேகை நீளவாக்கில் ஓடுகிற கருவேலங் கணையைப் போட்டு ஆப்பு அடித்து வாங்குங்கள். நம் மண்வெட்டியின் குட்டைக் கணை அதிகம் குனிய வைக்கும் என்பதால், உங்களுக்கு இடுப்பு வலி இருந்தால் சற்று நீளமான கணை கேட்பது நல்லது. விளிம்பை அரத்தால் தீட்டும்போது, ஏற்கெனவே சரிவு உள்ள பக்கத்தில் மட்டும், ஒரே திசையில் தள்ளித் தீட்ட வேண்டும்.

பத்துக் கருவிப் பெட்டி உங்களுக்குத் தேவையில்லை. அதிலுள்ள சிறு கரண்டியும் முள்கரண்டியும் தொட்டியில் தேங்காய் நார்க் கழிவைக் கிளறப் போதுமானவை. காய்ந்து இறுகிய செம்மண்ணில் கழுத்துப் பகுதியில் வளைந்துவிடும். அந்தப் பணத்தில் ஒரு களைக்கொத்து, கிளைகளை வெட்டிவிட ஒரு கவாத்துக் கத்தரி, ஐந்து லிட்டர் பூவாளி ஆகிய மூன்றை மட்டும் வாங்குங்கள். பத்து லிட்டர் பூவாளி நிரம்பினால் நீர் மட்டுமே பத்துக் கிலோ என்பதைக் கடையிலேயே நினைத்துப் பார்க்க வேண்டும்.

கவாத்துக் கத்தரி வாங்குவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஓர் அலகு தட்டையான பரப்பின் மேல் வந்து அமரும் வகை பச்சைத் தண்டை நசுக்கும். இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று உரசிக் கடந்து செல்லும் வகையே உங்களுக்கு ஏற்றது. வெட்டும்போது மெல்லிய கூரான அலகு செடியில் தங்கப்போகும் பக்கம் இருக்க வேண்டும். கட்டைவிரலை விடத் தடித்த கிளைக்குக் கத்தரியைத் திருகாமல் ரம்பத்தை எடுங்கள். தக்காளி, மிளகாய்ச் செடிகளின் இலையில் வெளிறிய திட்டுகள் தோன்றும் தேமல் நோயை உண்டாக்கும் வைரஸ்களில் சில கத்தரியின் அலகு வழியாகவும் கை வழியாகவும் பரவுகின்றன. ஆகவே இலையில் தேமல் கண்ட செடியைத் தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அலகையும் நன்றாகக் கழுவிய பின்னரே அடுத்த செடிக்குச் செல்லுங்கள்.

மண் வெட்டுவதற்கு முதல் நாள் மாலை நீர் பாய்ச்சி வையுங்கள். மறுநாள் ஒரு பிடி மண்ணை அள்ளி உருண்டை பிடித்து விரலால் தட்டும்போது அது உதிர்ந்தால் வெட்டலாம். களிபோல் ஒட்டிக்கொண்டால் இன்னும் ஒரு நாள் காத்திருங்கள், ஏனெனில் ஈரம் மிகுந்த மண்ணை மிதித்து வெட்டினால் அது காய்ந்து கட்டியாகும். கால்களை அகல வைத்து முழங்காலைச் சற்று மடக்கி நின்று, மண்வெட்டியைத் தலைக்கு மேல் ஓங்காமல் அதன் எடையிலேயே இறங்கவிட்டு இழுத்தால், கீரைப் பாத்திக்குத் தேவையான ஒரு சாண் ஆழம் மூன்று நான்கு தவணைகளில் கிடைத்துவிடும். வெறுங்காலுடன் வெட்டும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமி துருவில் அன்றி மண்ணிலேயே வாழ்கிறது. பளபளக்கும் புது மண்வெட்டி வெட்டினாலும் அதே ஆபத்துதான். மூடிய காலணி அணியுங்கள், தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும் மருத்துவரிடம் கூறிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

களைக்கொத்தால் சாதாரணக் களையைப் பூப்பதற்கு முன் மேலாகச் சுரண்டினாலே போதும். கோரைப் புல்லுக்கு அது பலிக்காது. மேலே அறுத்தால் அடியில் உள்ள கிழங்கிலிருந்து மீண்டும் முளைக்கும். மண் ஈரமாக இருக்கும்போது கொத்தின் முனையை ஆழ இறக்கிக் கிழங்கோடு பெயர்த்து, பாத்திக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள்.

வேலை முடிந்ததும் ஒட்டிய மண்ணைக் கழுவித் துடைத்து, இரும்பில் தேங்காய் எண்ணெய் தோய்ந்த துணியால் ஒருமுறை தடவி, வெயிலும் மழையும் படாத சுவரில் மாட்டி வையுங்கள். வெயிலில் கிடக்கும் கணை வெடித்து மறுபடி ஆடத் தொடங்கும்.